கேள்வி கேட்டு வேலைக்குச் சேர்ந்த கண்டக்டர்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். சாமிதுரை போய்விட்டான் என்று அரியலூர் வண்டி டிரைவர் சொன்னபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'அப்படியானால் சிறுவாச்சூர் வண்டிக்குக் கண்டக்டர் இல்லையே' என்ற எண்ணம்தான் வந்தது. அழுகை அப்புறம் வந்தது, நன்றாகவே வந்தது. மாமனார் ஊரான அரியலூரில், மூன்றே நாள் காய்ச்சலில் முடிந்துவிட்டான். நம் பஸ் ஷெட்டில் அவனோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவனும் சிரித்திருப்பான்.

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் பின்னால் கட்டிய கரி அடுப்பின் வாயுவில் ஓடியது நினைவிருக்கும். பஸ் முதலாளி கண்டக்டர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, நானும் அவனும் ஒரே நாளில் பெரம்பலூர் ஷெட்டில் போய் நின்றோம். முதலில் என்னைக் கூப்பிட்டார்.

"விடியக்காலம் வந்துடுவியா?"

"வந்துடுறேங்க."

"வண்டி வழியில நின்னா தள்ளுவியா?"

"தள்றேங்க."

"ஏதாச்சும் கேக்கணுமா?"

"நான் என்னத்தங்க கேக்கப் போறேன். நீங்க பாத்துச் செய்யுங்க."

இவ்வளவு பணிவாகப் பேசியவனுக்குத்தான் வேலை என்று வெளியே வந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டேன். அடுத்து அவன் போனான். கதவு திறந்தே இருந்தது. கேள்வியை இவனே ஆரம்பித்தான்.

"முன்னாடி இருந்த கண்டக்டரு ஏன் போயிட்டாருங்க?"

"அவனா எங்க போனான்? நான்தான் வெரட்டினேன். ஏறுற ஆளையெல்லாம் வாடா போடான்னான்."

"கரி அடுப்ப மூட்டுறது டிரைவரா, கண்டக்டரா? நீ மூட்டு, நீ மூட்டுன்னு ரெண்டு பேரும் நின்னா வண்டி கெளம்பாதுங்க."

முதலாளி அதை அப்போதுதான் யோசித்தார் போலிருந்தது. இவன் விடவில்லை.

"சிறுவாச்சூர் கோயிலு தெறக்குறதே திங்களும் வெள்ளியும். அன்னிக்குச் சனம் தொங்கிக்கிட்டு வரும். போலீசு மறிச்சா பதில் சொல்றது நானா, நீங்களாங்க?"

தொலைந்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்து, "நான்தான்டா" என்றார்.

"கடைசியா ஒண்ணுங்க. மேல மூட்ட ஏத்துறது யாரு? அதுவும் நான்னா முடியாது. வெளிய ஒருத்தன் நிக்கிறான், நல்ல தோளு."

எனக்கு வேலை கிடைத்தது இப்படித்தான்.

அன்று முதல் அவன் வண்டிக்குள், நான் வண்டிமேல். அவனுக்குக் காக்கிச் சட்டை, விசில். எனக்கு மிளகாய் மூட்டை. சனங்கள் அவனை "கண்டக்டரய்யா" என்பார்கள், என்னை "ஏய், மெதுவா!" என்பார்கள். ஒருநாள் மழையில் நனைந்து இறங்கியவன் வயிற்றெரிச்சல் தாங்காமல் கேட்டேவிட்டேன்: "ஏன்டா, மொதலாளிகிட்டயே கேள்வி கேக்க எங்கேருந்துடா உனக்குத் தைரியம் வந்துச்சு?"

"தைரியம் என்ன மாப்ள? ஓடிப் போறவன்தான் எல்லாத்துக்கும் சரிம்பான். இருந்து செய்யப் போறவன் கேட்டுக்குவான்."

நானும் கேட்கிறேன் பார் என்று அரியலூரில் ஓர் அரிசி ஆலைக்கு மேஸ்திரி வேலை கேட்டுப் போனேன். போனதும், "முன்னாடி இருந்தவரு ஏன் போயிட்டாருங்க?" என்றேன். ஆலைக்காரர் கண் கலங்கிவிட்டார். "என் தம்பிதான்யா. கோவிச்சுக்கிட்டுப் போயி எட்டு நாளாச்சு. நீ எங்கயாச்சும் பாத்தியா?" அன்று பொழுது சாயும்வரை அவரோடு அந்தத் தம்பியைத் தேடினேன். இதைக் கேட்டுச் சாமிதுரை சிரிப்பு தாங்காமல் பஸ் படியில் உட்கார்ந்துவிட்டான். "நான் கேட்டத நீ ஏன் மாப்ள கேக்குற? உனக்கு என்ன தெரியணுமோ அதக் கேளு."

அவன் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான். எனக்கு இதில் பாதி வருமா என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தேன்.

காரியம் முடிந்த மறுவாரம் முதலாளி என்னை அழைத்தார். "கண்டக்டரா வரியாடா?" இத்தனை வருஷம் ஏங்கிய இடம். 'சரிங்க' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்: சரி சொல்வதற்கு முன் ஒரு மூச்சு நிற்பது.

"காய்ச்சல்னா வூட்டுல படுத்துக்கலாமுங்களா?" என்றேன். "சாமிதுரை மொத நாளு காய்ச்சலோடதான் வண்டி ஏறினான். நான் மேலேருந்து பாத்தேங்க."

முதலாளி ஆணியில் தொங்கிய சாமிதுரையின் தோல் பையை எடுத்தார். பிறகு, "காய்ச்சல் விடுற வரைக்கும் படுத்துக்கடா" என்று சொல்லி, அதையும் டிக்கெட் புத்தகத்தையும் நீட்டினார். "இப்பவே ஏறு, வண்டி நிக்குது."

வாங்கிக்கொண்டேன். இன்னும் இரண்டு கேள்வி இருந்தது, அதையும் கேட்டேன். அதற்குள் பஸ்ஸுக்குள்ளேயிருந்து யாரோ ஒருவர் "ரைட்" சொல்லியிருக்கிறார். பஸ் கண்டக்டர் இல்லாமல் சிறுவாச்சூர் போய்ச் சேர்ந்தது. நான் பின்னால் மாட்டுவண்டியில் போனேன். டிக்கெட் புத்தகம் பத்திரமாக என்னிடம் இருந்தது.