களிமண் வீட்டில் அத்தையின் சுவர்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் பாகூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. ஐந்து வயதில் என்னை அங்கே சேர்த்தார்கள். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த வாத்தியாரம்மா எங்கள் வகுப்புக்குப் பலகையும் குச்சியும் கொடுக்கவில்லை. ஏரி வாய்க்காலிலிருந்து களிமண் வரவழைத்து ஆளுக்கோர் உருண்டை கொடுத்தார். முதலில் கையும் கண்ணும் பழகட்டும், எழுத்து தானாக வரும் என்பது அவர் கட்சி. சேறு பூசிய பாவாடைகளைத் துவைத்து அலுத்த தாய்மார்களின் கட்சி வேறு.

ஒருநாள் அவரவர் வீட்டைச் செய்யச் சொன்னார். நான் மாட்டுக் கொட்டகை செய்தேன். மாட்டைவிடப் பெரிதாக, மீசையோடு அப்பாவைச் செய்தேன். அடுப்படியில் அம்மா. பின்கட்டு அறையில் அத்தை.

அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமான வருஷமே புருஷன் இறந்துபோனதால் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். மூன்று வருஷமாக வாசலைத் தாண்டியதில்லை. அறைச் சுவரில் அடுப்புக்கரியால் ஏதோ வரைவாள். யாராவது வரும் சத்தம் கேட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். நான் வந்தால் துடைக்க மாட்டாள். என்னை ஓர் ஆளாகவே அவள் நினைக்கவில்லை. அந்தப் படமும் வீட்டைச் சேர்ந்ததுதானே என்று, களிமண் சுவரில் ஈர்க்குச்சியால் அதையும் கீறினேன்: முதலில் மாட்டுத்தொட்டி போல ஒன்று, நடுவில் சில வளைவுகள், கடைசியில் தலைமேல் புள்ளி வைத்த ஒன்று.

வாத்தியாரம்மா குனிந்து பார்த்தார்.

"இது என்னம்மா?"

"அத்தை போடுற படம். தெனமும் இதேதான் போடுவாங்க."

அந்த வீட்டை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி நிழலில் காயவைத்தார்.

இரண்டு நாள் கழித்து அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார், என்னை நிறுத்திவிடும் முடிவோடு.

"எழுத்து சொல்லிக் குடுப்பீங்கன்னு அனுப்பினா, நாள் பூரா சேத்துல வெளையாட வுடுறீங்க. இன்னா நாயம் இது?"

"உங்க வீட்ட உங்க பொண்ணு செஞ்சி வெச்சிருக்கா. அத பார்த்துட்டு அப்புறம் கோவப்படுங்க" என்றார் வாத்தியாரம்மா.

அப்பா குந்தி உட்கார்ந்தார். மீசையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பின்கட்டுச் சுவரையே பார்த்தார். உதடுகள் அசைந்தன. 'படிக்கணும்' என்று அதில் இருந்தது.

"இத யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் குடுக்கல. அவளுக்கு இன்னும் ஓர் எழுத்தும் தெரியாது. கண்ணால பார்த்தத கையால செஞ்சிருக்கா, அவ்வளவுதான்."

அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் நேரே பின்கட்டு அறைக்குள் போனார். அவர் அங்கே போய் நான் பார்த்ததே இல்லை. வெகுநேரம் பேச்சுக்குரல் கேட்டது; பிறகு அத்தை அழுகிற சத்தம். அடுத்த நாட்களில் பங்காளிகள் வந்து அப்பாவிடம் சத்தம் போட்டார்கள். மாதம் முடிவதற்குள், புதுச்சேரியில் வாத்தியாரம்மாவின் அக்கா வீட்டுக்கு அத்தையை அனுப்புவது என்று முடிவாயிற்று.

எனக்கு விஷயம் தெளிவாக இருந்தது. சுவரைக் கரியாக்கிய குற்றத்துக்காக அத்தையைத் துரத்துகிறார்கள், காட்டிக்கொடுத்தது நான். அதன்பிறகு களிமண்ணைத் தொடவே மறுத்தேன்.

புறப்படும் நாள் காலையில் அப்பா வண்டி பூட்டி முடிப்பதற்குள் அத்தை தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இனிமே யாருக்கும் செஞ்சி காட்ட மாட்டேன். போவாத அத்தே."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். தப்புச் செய்த கைகளை அடிக்காமல் ஏன் இப்படிச் செய்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.