குட்டிகளைப் பார்க்க அக்கா இருந்தார்

எங்கள் அக்கா ஆட்டுக் கிடையில் பிறந்தவர். வாடிப்பட்டிப் பக்கம் அறுத்த வயல் என்பது மட்டும் அம்மாவுக்கு நினைவிருந்தது. ஊர்ப் பெயர் நினைவில்லை. அறியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். வயலுக்கு உரமாகட்டும் என்று ஊர் ஊராகச் செம்மறி ஆடுகளை அடைத்துப் பிழைப்பவர்கள் நாங்கள். பெரியவர்கள் மேய்ச்சலுக்குப் போய்விட்டால், கிடையில் நிற்கும் குட்டிகளைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும். அதனால் எங்களில் பலர் பள்ளிக்கூடம் போனதில்லை. அக்காவும் போனதில்லை. நான் ஐந்தாவது வரை படித்தேன் என்றால், என் பங்குக் குட்டிகளையும் அவரே பார்த்ததால்தான்.

இளம் வயதில் கணவரை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தார். ஒரு பெருமழையில் குட்டிகளைக் குடிசைக்குள் விட்டுவிட்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு வெளியே நின்றவர் அவர்.

என் மகள் மூன்றாவது படித்த வருடம் குட்டிகள் அதிகம். அவள் பள்ளிக்குப் போவது நின்றது. அக்காதான் அவளைத் திருப்பரங்குன்றத்துப் பள்ளிக்குத் திரும்பக் கூட்டிப் போனார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"எங்கம்மா குடியிருக்கீங்க?" என்றார் டீச்சர்.

"இன்னைக்குக் கண்மாய்க்கு மேக்க. நாளன்னைக்கு எங்கேன்னு ஆட்டைத்தான் கேக்கணும் டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார். "எங்க இருந்தாலும் பிள்ளை தினம் வரணும்."

"வருவா. அதுக்கு நானாச்சு."

அன்று முதல், ஐம்பது வயதுக்கு மேல், அக்கா குட்டி பார்த்தார். டவுன் பஸ் வரும் சாலையை ஒட்டிய வயல் என்றால்தான் கிடை போடச் சம்மதிப்பார்.

"என்ன மதினி, திரும்பப் பாவாடை கட்டப் போறியளா?" என்று உறவினர் கேலி செய்வார்கள்.

"நீ தைச்சுக் குடு கொழுந்தா, கட்டிக்கிறேன்" என்பார்.

கடைசியில் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "புள்ள பஸ்ஸப் பிடிச்சாளா?" என்றுதான் கேட்டார்.

காரியம் முடிந்த அன்று, எங்களோடு சேர்ந்து கிடை போடும் மாமா சொன்னார்: "அக்காவும் போயிருச்சு மாப்ள. புள்ளைக்குப் பத்தாவது போதும். கிடைக்குக் கூட்டிக்க."

நாலு பேர் நடுவே நான் பேசிப் பழக்கமில்லை. அன்று பேசினேன். "இல்ல மாமா. என் ஆட்டையும் சேத்து நீங்க பத்திக்கிட்டுப் போங்க. குட்டிய நான் பாத்துக்கிறேன்."

மாமா மறுநாள் விடியும்போது என் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு போனார்.

மாமாவுக்கும், சாலையோரம் இடம் தந்த வயல்காரர்களுக்கும், டீச்சருக்கும், ஆஸ்பத்திரியில் துணையிருந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அக்காவின் இந்த முதலாம் ஆண்டு நாளில் அவளைக் காணோமே என்று யாரும் குறையாக நினைக்க வேண்டாம். இன்று பள்ளிக்கூடம் உண்டு. மாலையில் வந்து உங்கள் எல்லோரையும் பார்ப்பாள்.