நெடுமதிலின் கடைசி வரி

அமிர்தவல்லி அக்கா இறந்த செய்தி பகல் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. கிள்ளானில் கல்யாணப் பத்திரிகையும் கடை பில் புத்தகமும் அடிக்கிற அச்சகத்தில்தான் இப்போது எனக்கு வேலை. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த கையோடு போனை எடுத்தேன். "அங்கிள், நான் விமலா. அம்மா காலையில போயிட்டாங்க" என்றாள் அக்காவின் மகள். குரலில் அழுகை இல்லை. "நாளைக்கு மத்தியானம் எடுக்கிறோம். கண்டிப்பா வாங்க. உங்களுக்கு ஒண்ணு எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க."

போனை வைத்துவிட்டு மேசை டிராயரைத் திறந்து பார்த்தேன். நூலால் கட்டிய ஒரு வரி ஈய அச்செழுத்து உள்ளே இருந்தது. இருக்கும் என்று தெரியும். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மதிலரசன் எழுதிய 'நெடுமதில்' தொடர்கதையை ஞாயிறுதோறும் படித்த உங்களுக்காகத்தான் அக்காவின் நினைவு மலரில் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேர் மதிலரசனை ஆண் என்றே நினைத்திருந்தீர்கள். 'ஐயா அவர்களுக்கு' என்று வரும் கடிதங்களை அச்சகத்தில் உட்கார்ந்து படித்து அக்கா சிரிப்பார். "ஐயாவுக்கு மீசை இல்லன்னு தெரிஞ்சா யாரும் படிக்கமாட்டாங்க லா, சொல்லிடாத தம்பி" என்பார். இன்று சொல்லிவிட்டேன். அக்கா மன்னிக்கட்டும்.

எழுபதுகளின் கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸ் சந்து ஒன்றில் இருந்த பத்திரிகை அச்சகத்தில் நான் அச்சுக் கோக்கிறவன். அக்கா ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். கணவருக்கு ரயில்வேயில் வேலை, அக்காவுக்குப் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. போக வர ரயிலில் உட்கார்ந்து, வீணாய்ப் போன சரக்குத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவார். ரயில் ஆட்டத்தில் எழுத்தெல்லாம் சாய்ந்து கிடக்கும், ஸ்டேஷனில் நின்ற இடங்களில் மட்டும் நேராக இருக்கும். அந்தக் கோழிக்கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தார்.

நெடுமதில் ஒரே ஒரு நகரத்தின் கதை. மழைக்காலத்தில் தெருக்கள் இடம் மாறும். உப்பு வியாபாரிகள் குரல்களை விலைக்கு வாங்குவார்கள். கீழ்மதில்காரர்களும் குன்றுத்தெருக்காரர்களும் மூன்று தலைமுறையாகச் சண்டை போடுவார்கள். இத்தனையும் மதிலுக்கு உள்ளேயே நடக்கும். முதல் அத்தியாயத்தில் விளக்கேற்றுகிறவளின் மகன் இளங்குமரன் மேற்கு வாசல் வழியாக வெளியே போனான். அவன் பின்னால் கதை போகவே இல்லை. ஏன் அக்கா என்று ஒருமுறை கேட்டேன். "ஊருக்கு வெளிய என்ன இருக்குன்னு எனக்கு என்ன தெரியும் தம்பி? தெரியாதத எப்படி எழுதறது?" என்றார். அவர் மகன் சேகர் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதலில் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது.

ஒவ்வொரு வாரமும் கதை ஒரே வரியில் முடியும். 'மேற்கு வாசல் இன்றும் சாத்தப்படவில்லை.' வாராவாரம் அதே வரியை எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோப்பானேன் என்று, ஒருமுறை கோத்ததைக் கலைக்காமல் நூலால் கட்டி ஓரமாக வைத்துக்கொண்டேன். கதையைக் கோத்து முடித்ததும் அதை எடுத்து அடியில் வைத்தால் வேலை தீர்ந்தது. அச்சுக் கோக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற சோம்பேறித்தனம்தான். கைப்பிரதியின் கடைசி வரியை நான் படிப்பதையே விட்டிருந்தேன்.

ஒரு திங்கள்கிழமை மத்தியானம் அக்கா அச்சகத்துக்கு வந்தார். வேலை நாளில் அவர் வருவதில்லை. தலை வாராமல், கையில் முந்தின நாள் பத்திரிகையோடு நின்றார்.

"தம்பி, கடைசி வரிய யாரு போட்டா?"

"நான்தான்கா. எப்பவும் கட்டியே வச்சிருப்பேனே!" என்று பெருமையாக எடுத்துக் காட்டினேன்.

"இந்த வாரம் நான் அத எழுதலயே."

ஆணியில் குத்தி வைத்திருந்த கைப்பிரதியை உருவிப் பார்த்தேன். உண்மைதான். 'வாசற்காரன் எழுந்து போய்க் கதவைத் தள்ளினான்' என்பதோடு தாள் முடிந்திருந்தது. கதவை மூடுவதாக அவர் எழுதியதன் அடியில், சாத்தப்படவில்லை என்று நான் ஒட்ட வைத்திருக்கிறேன். "தப்பாயிடுச்சுக்கா, அடுத்த வாரம் திருத்தம் போட்டுடறேன்" என்றேன்.

அக்கா அந்த ஈய வரியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "சின்னதா இருக்கு, ஆனா கனமா இருக்கே" என்றார். "திருத்தம் வேணாம். தொறந்தது தொறந்ததாவே இருக்கட்டும். இனிமே இந்த வரிய நான் எழுதமாட்டேன். நீயே போட்டுக்க."

அவர் போன பிறகுதான் முதலாளி உள்ளிருந்து வந்தார். "அவங்க மகன் கடல்ல விழுந்துட்டான்யா. உடம்புகூட கிடைக்கல. உனக்குத் தெரியாதா?" என்றார். முந்தின புதன்கிழமை அந்தச் சேதியோடு சிங்கப்பூரிலிருந்து ஏஜென்சிக்கு வந்த அழைப்பை மேனேஜருக்கு இணைத்துக் கொடுத்ததே அக்காதானாம். யாரைப் பற்றிய செய்தி என்று தெரியாமலே கொடுத்திருக்கிறார். மறுநாள் அந்த அத்தியாயத்தை எழுதி அனுப்பியிருக்கிறார்.

அதற்குப் பிறகு வந்த அத்தியாயங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். மேற்குத் தெருவில் காலையில் ஈரமான காலடித் தடங்கள். மூடி வைத்த தட்டில் பாதிச் சோறு குறைந்திருக்கும். வந்தவனை யாரும் பார்த்ததில்லை, ஊர் மட்டும் அவனுக்கு வழிவிட்டு நடக்கும். நெடுமதிலிலேயே சிறந்த பகுதி அதுதான் என்று எழுதித் தள்ளினீர்கள். காப்பாரிலிருந்து ஒரு மீனவரின் மனைவி, 'ஐயா, என் வீட்டுக்காரரும் அந்த வாசல் வழியாக வருவாரா?' என்று கேட்டிருந்தார். அக்கா அந்தக் கடிதத்துக்கு மட்டும் சிரிக்கவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் வாராவாரம் அந்த வரியை எடுத்து வைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், ஈயம் சில நாள் கையில் ஈரமாகப் பட்டது. செத்துப்போன பையனை நான்தான் நடமாட விடுகிறேன் என்று தோன்றும். அக்கா மனதைக் கல்லாக்கிக்கொண்டு மூடிய கதவை என் சோம்பேறித்தனம் திறந்துவிட்டதே, அது நல்லதா கெட்டதா என்று அவரிடம் கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஈய எழுத்துகளை எல்லாம் பழைய இரும்புக்காரனின் லோரியில் ஏற்றினார்கள். நான் அந்த ஒரு வரியை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் அக்காவிடம் நீட்டினேன். அவர் தொடவில்லை. "நீயே வச்சுக்க தம்பி. எங்கிட்ட இருந்தா என்னைக்காவது சாத்திடுவேன்" என்றார். கொஞ்ச நாளில் ஞாயிறு மலரே நின்றது. நெடுமதில் முடியாமல் கிடந்தது.

அடக்கம் முடிந்து வீடு கழுவியான பிறகு விமலா என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். நெடுமதிலின் கடைசி அத்தியாயம். விளக்கேற்றுகிறவள் மேற்கு வாசலுக்குப் போய், மகன் பெயரை ஒரே ஒரு முறை கூப்பிடுகிறாள். அவ்வளவுதான். கீழே பென்சிலில், 'தம்பி, இதற்குக் கீழே உன் வரி. போடுவதும் விடுவதும் உன் இஷ்டம்' என்று எழுதியிருந்தது. எழுத்து சாயாமல் நேராக இருந்தது.

இத்தனை வருஷம் அக்காவிடம் கேட்காததை அன்று விமலாவிடம் கேட்டேன். அவள் ஷா ஆலமில் அரசாங்க வேலையில் இருக்கிறாள், எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவள்.

"அண்ணன் சேதி வந்து நாலு நாள் அம்மா பச்சத் தண்ணி குடிக்கல அங்கிள். அந்த ஞாயித்துக்கிழமை பேப்பர்ல உங்க வரியப் பாத்துட்டுதான் எழுந்து சமைச்சாங்க. அது உண்மை." சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். "சமைச்சு, அண்ணனுக்கும் ஒரு தட்டு வச்சாங்க. அன்னைக்கிலேர்ந்து நேத்து முந்தாநாள் வரைக்கும் டெய்லி வச்சாங்க. கதவுக்குத் தாப்பாள் போட விடமாட்டாங்க. நான் அந்த வீட்டுல வளந்தவ. ஸ்கூல் விட்டு வந்தா அந்தத் தட்ட பாக்காம உள்ள போவேன். போதும் அங்கிள், சாத்திடுங்க."

அக்காவைப் பிழைக்க வைத்த வரிதான் இந்தப் பெண்ணைப் பயமுறுத்தியும் இருக்கிறது. ஒரே பிழை, இரண்டும் என் கை செய்தது.

அந்த அத்தியாயத்தை இந்த நினைவு மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். அடியில் நீங்கள் அந்த வரியைத் தேடுவீர்கள், அது இருக்காது. அச்சுப்பிழை என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அக்கா ஒரு முறை மூடப் பார்த்த கதவை நான் தெரியாமல் திறந்தேன், இந்த முறை தெரிந்தே அந்த வரியைப் போடாமல் விட்டுவிட்டேன்.

அக்காவின் ஞாபகமாக என்னிடம் இருப்பது டிராயரில் கிடக்கும் அந்த ஈய வரி ஒன்றுதான். பக்கம் அச்சாகி வந்த அன்று அதை எடுத்து, கட்டைப் பிரித்து எழுத்துகளைக் கொட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். விமலா, நீ கேட்டபடி வாசலைச் சாத்திவிட்டேன். நூலை மட்டும் என்னால் அவிழ்க்க முடியவில்லை.