தங்கூசி தொட்ட கால்

காலில் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவர்கள் மெல்லிய நைலோன் இழையால் தொட்டுப் பார்ப்பார்களாம். அதைப் படித்த கணமே, முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சித்தப்பாவின் தங்கூசி நூல் கண்ணில் பட்டது. அதுவும் நைலோன்தானே! ஒரு துண்டை வெட்டிக்கொண்டு ஓடினேன்.

"சித்தப்பா, கண்ணை மூடுங்கோ. நூல் படேக்க 'ஓம்' எண்டு சொல்லுங்கோ."

"படிச்சுப் படிச்சு உனக்கு விசர்தான்," என்று சிரித்தபடி கதிரையில் சாய்ந்து காலை நீட்டினார்.

முதலில் கையில் தொட்டேன். "ஓம்." பிறகு பெருவிரல், உள்ளங்கால், குதி. பதிலே இல்லை.

"என்னடி, இன்னும் தொடங்கேல்லையோ?"

குனிந்து பார்த்தால், குதியில் ஒரு கெளிற்று மீனின் முள் முறிந்து ஏறி, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. குத்தினால் பெரிய ஆளையே அழவைக்கும் முள். அவருக்கோ அது குத்தியதே தெரியாது.

போன ஆவணியில் நேர்த்திக்காக அவரும் அம்மாவும் வெறுங்காலோடு மடு மாதா கோயிலுக்கு நடந்தார்கள். "ஒரு நோவும் இல்லை, மாதா தூக்கிக்கொண்டு போனா," என்றார். அவருக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் என்று தெரிந்தும், உயிரியல் படிக்கிற நானே வகுப்பெல்லாம் பெருமையடித்தேன். தோலுக்குள் நரம்பு முனைகள் செத்துக்கொண்டிருக்கலாம் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கரையில் சீனி வருத்தமுள்ள எல்லோருடைய காலையும் தொட்டுப் பார்க்கப்போகிறேன். அதற்கு முதல், இன்றைக்கு அம்மாவின் கால். அம்மாவுக்கும் சீனி. மடுவுக்கு நடந்தபோது அம்மாவுக்கும் நோகவில்லை.