பெரிய தராசை இறக்கச் சொன்னவர்

புதுச்சேரியிலிருந்து வரும் சாயங்கால ரயில் வில்லியனூரில் நின்றபோது, வழக்கத்துக்கு மாறாக அப்பா பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். என் புத்தகப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"முசே மாமா காலையில போயிட்டாரும்மா. கடையெல்லாம் சாத்திட்டோம்" என்றார்.

துக்கத்துக்காகத்தான் சாத்தியிருந்தார்கள். ஆனால் மார்கழி மாதத்தில், வருஷக் கடைசியில், கடைத்தெருக் கதவுகள் வரிசையாக மூடிக்கிடப்பதைப் பார்த்ததும் இதுவும் அவர் சொல்லிக்கொடுத்த யோசனைதானோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். பிறகுதான் அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது.

அவரைப் பற்றி நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவர் சொல்லச் சொல்ல வரி மனுக்களைப் பிரெஞ்சில் எழுதிக்கொடுத்தவள் என்பதால் கேட்டிருப்பார்கள். புகழ்ந்து மட்டும் எழுத நான் இரண்டு முறை முயன்றேன், முடியவில்லை. அவரை அறிந்த நீங்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாணிக்கம் என்ற அவருடைய பெயரை யாரும் சொன்னதில்லை. 'மேரி' என்று நாம் சொல்லும் கொம்யூன் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு போட்டு, அதிகாரிகளோடு பிரெஞ்சில் வாதாடியதால், வெள்ளைக்காரத் துரைகளைப் போல அவரும் 'முசே' ஆனார். டிசம்பர் பிறந்தால் சின்னக் கடைக்காரர்கள் எல்லோரும் அவரைத் தேடிப் போவார்கள். புது வருஷத்துக் கடைவரி மனுவை வருஷம் முடிவதற்குள் யோசித்து எழுதிக்கொடுத்தால்தான் உண்டு. ஜனவரிக்குப் பிறகு அழுது பயனில்லை.

சில்லறைக் கடைக்கு ஒரு வரி, மொத்தக் கடைக்கு அதைவிடக் கூடுதல் வரி. உத்தரத்தில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு தொங்கினால் அது மொத்தக் கடை. ஆகவே அதிகாரி சுற்றி வரும் நாட்களில் தராசுகள் எல்லாம் இறங்கி வைக்கோலுக்குள் படுத்துக்கொள்வதும், பொங்கல் முடிந்ததும் மறுபடி உத்தரத்தில் ஏறுவதும் நம் தெருவின் பழக்கம். பழைய அதிகாரிக்கும் இது தெரியும். "இந்த ஊரில் வைக்கோலுக்கு ஏன் இத்தனை கனம்?" என்று ஒருமுறை கேட்டுச் சிரித்துவிட்டுப் போனதாக மாமாவே சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒளித்து வைப்பதில் மட்டும் கெட்டிக்காரர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. வளையல் கடை அம்மணியம்மா ஒருமுறை வரியைக் குறைக்க வழி கேட்டு வந்தார். மாமா எடுத்த எடுப்பில் வரியைப் பற்றிப் பேசவில்லை.

"வர்ற வருஷம் இன்னா விக்கப் போற?" என்று கேட்டார்.

"இதே வளையல்தான். வேற இன்னாத்த விக்கிறது, வைரமா?"

"பொண்ணு கல்யாணம் வெச்சிருக்கியே, அப்ப கடை தொறப்பியா?"

"எங்க தொறக்கிறது? ரெண்டு மாசம் வூட்டு வேலையே சரியாப்பூடும்."

"அப்ப அந்த ரெண்டு மாசம் கடை மூடியிருக்கும்னு இப்பவே எழுதிக் குடு. மூடின கடைக்கு எதுக்கு வரி?"

அம்மணியம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யார் வந்தாலும் மாமாவின் முதல் கேள்வி அதுதான்: வர்ற வருஷம் இன்னா விக்கப் போற? "வரியப் பாத்துக் கடைய வெட்டாத. கடையப் பாத்து வரியப் பேசு" என்பார்.

அந்த மனுக்களை எழுத என்னைக் கூப்பிட்டது எனக்குப் பெரிய பெருமை. "மத்மொசேல், உன் கையெழுத்தப் பாத்தா கவர்னரே எழுந்து நிப்பாருடி" என்பார், துரைவீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல. என்னைப் பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்பும்படி அப்பாவிடம் வாதாடியதும் அவர்தான்.

போன மார்கழியில் ஒரு புது அதிகாரி வரப்போவதாகவும், அவர் வைக்கோலைக் குத்திப் பார்க்கிறவர் என்றும் பேச்சு வந்தது. மாமா கடைக்காரர்களை எங்கள் வெல்லக் கடையில் கூட்டினார்.

"இனிமே இந்த ஒளிச்சு வெக்கிற வேலையே வேணாம்பா. எல்லாரும் சில்லறைன்னு எழுதிக் குடுத்துடுங்க. வரி பாதியாப்பூடும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஒவ்வொருவருக்காக எழுதினேன். தராசு எப்போதும்போல் பொங்கலுக்குப் பிறகு மேலே ஏறிவிடும் என்றுதான் அப்பா உள்பட அத்தனை பேரும் நினைத்தார்கள். அன்று மாமா யாரிடமும் அந்த முதல் கேள்வியைக் கேட்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். அவசரத்தில் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

தை மாதம் பாகூர்ப் பக்கத்திலிருந்து வெல்ல வண்டிகள் வந்தன. புது அதிகாரியின் சேவகர் முன்னாலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: சில்லறை என்று கையெழுத்துப் போட்டவர் தராசைத் தொங்கவிட்டால் அபராதம். சேலியமேட்டு வண்டிக்காரர் ஒருவர் எங்கள் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா முதலாளி, தராசையே காணோம்? சபாபதி கடைலதான் எடை போட்றாங்களாமே" என்று சொல்லி மாட்டைத் திருப்பினார்.

சபாபதி, மாமாவின் மருமகன். அந்த ஒரு கடைக்கு மட்டும் மொத்தக் கடை என்று மாமா தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். தெருவின் வண்டிகள் அத்தனையும் அங்கே போய் நின்றன. அந்த வருஷம் அப்பா எங்கள் வண்டியையும் மாட்டையும் விற்றார். அந்தப் பணத்தில்தான் நான் பள்ளிக்கூடத்தில் நீடித்தேன்.

நான் மாமா வீட்டுக்குப் போய் நேராகவே கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னதுல எது பொய்? வரி கொறஞ்சுதா இல்லியா?"

"கொறஞ்சுது மாமா. ஆனா இன்னா விக்கப் போறீங்கன்னு நீங்க எங்களக் கேக்கவே இல்லியே."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "பொண்ணக் குடுத்த எடம்மா" என்றார் மெதுவாக. அதற்குப் பிறகு அவர் என்னை மத்மொசேல் என்று கூப்பிடவில்லை.

அப்பா அவருக்குப் பாடை தூக்கினார். எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். "எத்தினி வருஷம் நமக்கு செஞ்சாரு. ஒரு வருஷம் மவளுக்கு செஞ்சுட்டாரு, வுடும்மா" என்றார். என்னால் அப்படி விட முடியவில்லை. அந்நியர் ஒருவர் ஏமாற்றியிருந்தால் இத்தனை வலித்திருக்காது. எங்களை ஏமாற்றிய எழுத்து என் கையெழுத்து. கவர்னர் எழுந்து நிற்பார் என்று அவர் சொன்ன அதே கையெழுத்து.

இந்த டிசம்பரில் கடைக்காரர்கள் எங்கள் கடைக்கு வந்தார்கள். மனு எழுத வேறு ஆள் இல்லை. எங்கள் தராசை மறைக்காமல் உத்தரத்தில் ஏற்றி, மொத்தக் கடை என்றே எழுதினேன். கடைசியாகச் சபாபதி வந்து நின்றார்.

"மாமா இருந்தா அவரே எழுதிடுவாரு. எனக்கு ஒரு எழவும் தெரியாது. சில்லறைன்னு போட்டுடும்மா, வரியாச்சும் கொறையட்டும்."

அவர் கேட்டதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கலாம். வரி குறையும் என்பதில் ஒரு பொய்யும் இருந்திருக்காது. அப்பா வெல்லக் கூடையைத் துணியால் மூடத் தொடங்கினார். நான் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தேன், ஆனால் எழுதவில்லை.

"வர்ற தையில இன்னா வாங்கி விக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"வெல்லம்தான்."

"மூட்டையாவா?"

"மூட்டையாத்தான்."

"அப்ப சில்லறைன்னு எழுதக் கூடாதுண்ணா. தராசு தொங்கவுட முடியாது."

அவர் என்னையும் உத்தரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மாமாவும் இதத்தான் மொதல்ல கேப்பாரு" என்றார்.

முசே மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். எங்களிடம் அதை அவர் கேட்காமல் விட்ட நாளையும் அதோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.