குடும்பப் பெயர்: தெரியாது

தெஹ்பியாவின் மேசைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவளுடைய பெயர்ப்பலகையைத்தான். 'தெஹ்பியா உர்ஸ்ரிக், பிறப்பு இறப்புப் பதிவு.' அல்ஜீரியாவின் அந்தக் கபிலிய மலையில் பிறந்த எவருக்கும் அதைப் படித்ததும் சிரிப்பில் உதடு துடிக்கும். அவர்கள் பேச்சில் 'உர்ஸ்ரிக்' என்றால் 'எனக்குத் தெரியாது'.

"பேரே தெரியாதவங்ககிட்டயா நாங்க பேரு எழுதிக்கணும்?" என்று கேட்காத ஆள் ஊரில் கிடையாது. முப்பத்தாறு வருடமாக இதே கேலிதான். அவளும் கண்ணாடிக்கு மேலே பார்ப்பாள். "ஒங்களுக்கு ஒங்க பேரு தெரியுமா, இல்ல வீட்ல போய்க் கேட்டுட்டு வரீங்களா?"

பெயர் வந்த கதையை அவள் வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். வீடு வீடாகக் குடும்பப் பெயர் எழுத ஓர் அதிகாரி கோவேறு கழுதையில் வந்தான். ஊர்க்கோடியில் மேசை போட்டு உட்கார்ந்தான். கொள்ளுத்தாத்தா சயீத், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆள், முறை வந்ததும் முன்னால் போய் நின்றார். அதிகாரி பிரெஞ்சில் கேட்டான், பக்கத்திலிருந்தவன் அரபியில் கேட்டான். சயீதுக்கு இரண்டும் புரியவில்லை. "உர்ஸ்ரிக்" என்றார். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டான்.

அந்தப் பெயரால் அவள் அப்பா அக்லிக்கு ஒரு காது போயிற்று. விடுதலைச் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்களில் ஆலிவ் மூட்டையோடு செக்குக்குப் போனவரைப் பிரெஞ்சுச் சிப்பாய்கள் நிறுத்தினார்கள். அவர்களோடு மலைப் பேச்சு தெரிந்த ஒருவன் இருந்தான்.

"பேரு?"

"தெரியாது."

காதோடு சேர்த்து ஓர் அறை. மறுபடி கேட்டார்கள். மறுபடி அதுவேதான். நான்கு நாள் முகாமில் வைத்திருந்தார்கள். காட்டில் இருப்பவர்கள் யார், ரொட்டி எந்த வீட்டிலிருந்து போகிறது என்று கேட்டபோதெல்லாம் அவர் அந்த ஒரே சொல்லைச் சொன்னார். கடைசியில் யாரோ அடையாளச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்து வெளியே தள்ளினார்கள். இடது காது கேட்காமல் வீடு வந்தவர், சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாக் கேள்விக்கும் என் பேரத்தான் சொன்னேன். ஒரு பொய் சொல்லல. அதுக்கா இந்த அடி?" அவர் பிடிபட்டபோது தெஹ்பியாவுக்கு எட்டு வயது. அப்பா திரும்பி வந்த அன்று அவர் எந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டார் என்பது இன்றும் அவளுக்கு நினைவிருக்கிறது.

இந்த வருட வசந்தத்தில் அண்ணன் மகன் கிலேஸ் நகரத்திலிருந்து வந்தான். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டதால் வீட்டுக்குப் பெரியவள் இப்போது அவள்தான். கிலேஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வந்ததும் வராததுமாக ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். பெயர் மாற்றத்துக்கு. வீட்டுப் பெரியவர் சம்மதமும் அதில் வேண்டும்.

"அத்தை, கையெழுத்துப் போடு. குழந்தை பொறக்கறதுக்குள்ள குடுத்துடணும்."

"என்னடா அவசரம்?"

"நான் கணக்கு வாத்தியார். பேரு 'தெரியாது'. மொத நாளே பசங்க எழுந்து நின்னு, 'சார், இந்தக் கணக்குக்கு விடை ஒங்க பேருதானா?'ங்கறாங்க. இன்ஸ்பெக்டர் வந்தாரு. அவரும் சிரிச்சாரு."

"ஒன் தாத்தா இதுக்கு அடியே வாங்கினாரு."

"அதத்தான் சொல்றேன். எவனோ ஒருத்தன் காதுல சரியா வாங்காம எழுதினதுக்கு நாம இன்னும் எத்தன தலமுறை அடி வாங்கறது? என் பொண்ணுக்கு வேண்டாம்."

"பொண்ணுன்னு எப்படிடா தெரியும்?"

"ஸ்கேன்ல சொன்னாங்க. பேச்ச மாத்தாத."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுக்கோ அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் அப்பாவின் காதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டதுபோல இருந்தது. விண்ணப்பத்தைப் புரட்டினாள். 'கோரும் பெயர்' என்ற இடம் காலியாக இருந்தது.

"இங்க என்ன எழுதப் போற?"

"அதையும் நீதான் சொல்லணும். பிரெஞ்சுக்காரன் வர்றதுக்கு முன்னாடி நமக்கு என்ன பேரு?"

அவள் வாயைத் திறந்தாள். வரவிருந்த சொல் என்ன என்று தெரிந்ததும் மூடிக்கொண்டாள்.

"கண்டுபிடிக்கறேன். பழைய பேரு கெடச்சா கையெழுத்துப் போடறேன். கெடைக்கலன்னா இல்ல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெய்யாகவே தேடினாள். மற்ற வீடுகளுக்கெல்லாம் பதிவேட்டில் ஒரு பெயரும் ஊர்வாயில் ஒரு பழைய பெயரும் உண்டு. இவர்கள் வீட்டை மட்டும் ஊர் என்றைக்குமே 'சயீத் வீடு' என்றுதான் சொல்லி வந்தது. காப்பிக் கடையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கிழவர் ஷெரிஃபைக் கேட்டாள். அவர் யோசித்தார், தாடியைச் சொறிந்தார்.

"உர்ஸ்ரிக்" என்றார்.

"அது இப்ப இருக்கற பேரு. அதுக்கு முன்னாடி?"

"அதத்தாம்மா சொல்றேன், எனக்குத் தெரியாது."

கடையே சிரித்தது. ஊற்றடியில் கேட்டாள், செக்கில் கேட்டாள், மேல்தெருக் கிழவி ஊர்தியாவைக் கேட்டாள். எல்லாரும் அவள் பெயரையே அவளிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

கடைசியில் தன் அலுவலக இரும்பு அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த அதிகாரி எழுதிய முதல் பதிவேட்டை எடுத்தாள். அதைப் பார்க்காதவள் அல்ல. நகல் கேட்டு வருகிறவர்களுக்காக எத்தனையோ முறை திறந்திருக்கிறாள். ஆனால் நகலுக்கு வேண்டியதெல்லாம் இடப்பக்கத்தில் இருக்கும்: பெயர், வயது, தொழில். வலப்பக்கம் குறிப்புகளுக்கானது, பெரும்பாலும் காலியாக இருக்கும். அவள் விரல் ஒருநாளும் நடுமடிப்பைத் தாண்டியதில்லை.

சயீதின் வரிக்கு நேரே, வலப்பக்கத்தில், வெளிறிய மையில் இரண்டு வரி இருந்தது. '1871 கலகத்தின்போது எரிக்கப்பட்ட ஊர் ஒன்றிலிருந்து சிறுவனாகத் தனியே வந்தவன். தகப்பன் பெயரும் குலப்பெயரும் தெரியாது என்கிறான்.'

மூன்று முறை படித்தாள். சயீதுக்குக் கேள்வி புரிந்திருக்கிறது. யோசித்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் அதைச் சிரிப்புக் கதையாக மாற்றிச் சொல்லியிருக்கிறார். தெஹ்பியா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அப்புறம் கிலேஸுக்குப் போன் செய்தாள்.

அவன் அடுத்த நாள் வந்து நின்றுகொண்டே படித்தான்.

"அப்ப எழுதினவன் தப்பா எழுதல."

"இல்ல. பேரு எழுதற எடத்துல நெசத்த எழுதிட்டான்."

"எத்தன வயசு இருந்திருக்கும், அத்தை, தனியா வந்தப்ப?"

"கணக்கு வாத்தியார் நீதான."

கிலேஸ் பதிவேட்டில் வயதைப் பார்த்தான், ஊர் எரிந்து அதுவரை ஆன வருடங்களை அதிலிருந்து கழித்தான். "ஆறு" என்றான்.

தெஹ்பியா விண்ணப்பத்தை எடுத்து அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள். "பழைய பேரு கெடைக்கல. ஆனா பொறக்கப் போறது ஒன் புள்ள. என்ன பேரு வேணுமோ எழுதிக்க. நான் தடுக்க மாட்டேன்."

"ஒனக்கு வருத்தமா இருக்காதா?"

"தெரியாதுடா."

அவன் சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். பத்து நாள் அவனிடமிருந்து போனே வரவில்லை. இரவல் கொடுத்த பாத்திரத்தைப்போல அந்தப் பெயரை அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

வயிற்றுப்பிள்ளைக்காரியான மனைவியைக் கிலேஸ் அவள் அம்மா வீட்டில், மலையிலேயே, விட்டிருந்தான். குழந்தை அங்கே பிறந்தது. ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும். நாலாம் நாள் காலை கிலேஸ் மற்றவர்களைப்போல வரிசையில் வந்து நின்றான். முகத்தில் தாடி முளைத்திருந்தது, சட்டைப் பையில் மடித்த தாள் துருத்திக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் ஷெரிஃப் கிழவர், ஏதோ சான்றிதழுக்கு.

தெஹ்பியா அவனைத் தெரியாதவளைப்போல நிமிர்ந்து பார்த்தாள். எந்தச் சொந்தக்காரருக்காகவும் அவள் அலுவலக முறையை மாற்றியதில்லை.

"கொழந்த பேரு?"

"திசிரி."

"அப்பா பேரு?"

"கிலேஸ்."

பேனா நின்றது. "குடும்பப் பேரு?"

அவன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான். பிரிக்காமலே மேசைமேல் வைத்து, அவள் பக்கமாக நகர்த்தினான்.

"உர்ஸ்ரிக்."

பின்னாலிருந்து ஷெரிஃப் கிழவர் இருமினார். "தெரியாதுன்னா வீட்ல கேட்டுட்டு வா தம்பி. நாங்க நிக்கறோம்."

வரிசை முழுதும் சிரித்தது. கிலேஸ் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டுட்டுத்தான் தாத்தா வந்தேன்."

தெஹ்பியா குனிந்து எழுதத் தொடங்கினாள்.