அத்தை கொண்டுவந்த டப்பா

மூடி போட்ட அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவை அத்தை வேலைக்கு இடுப்பில் கட்டும் சாக்குக்குள் துணி சுற்றி வைத்திருந்தார். அப்பாவின் அக்கா அவர். சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மலப் பரிசோதனை என்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. விடியற்காலையில் எடுத்து வைத்துவிட்டு, மஸ்டரில் வருகைக்குப் பெயர் கொடுத்து, கொழுந்து கிள்ளி, மதியம் எடை போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். முன்னால் வந்தால் அரை நாள் கூலி போய்விடும். அதைப் போய் அவர்கள் தவறு என்கிறேனே, எனக்குத்தான் வெட்கம் வேண்டும்.

அமீபா, சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டிய ஜந்து. அரைமணி நேரத்துக்குள் பார்த்தால் மைக்ரோஸ்கோப்பில் ஊர்வது தெரியும். ஆறிவிட்டால் அசைவு நின்று, உருக்குலைந்து, இருப்பதே தெரியாது. இது நான் பாடமாகப் படித்தது. அத்தைக்கோ இரண்டு வாரமாக ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் கொண்டுவந்ததும் ஆறிப்போயிருந்தது; 'புதிதாக எடுத்துக் கொண்டுவரவும்' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் அவர் மறுநாள் காலை லீவு கேட்க வேண்டும். நேற்று வந்தவன் சொந்தக்காரிக்கு லீவு வாங்கித் தருகிறான் என்று சூப்பர்வைசர் சொல்வார். அந்தப் பேச்சுக்குப் பயந்து, 'அமீபா காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, கரைத்துக் குடிக்கப் பொடி கொடுத்து அனுப்பினார். ஒரு வாரம் மாத்திரை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

தேனிக்குப் போய்க் காட்டச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரியிடம் அத்தை மறுத்துவிட்டார். "எம் மருமவனே பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டான். பெறகென்னத்துக்குத் தேனிக்கு?"

அடுத்த மாதம் விலாவுக்குக் கீழே வலியும் காய்ச்சலுமாக அவரை ஜீப்பில் போடிமெட்டு வழியாகத் தேனிக்கு இறக்கினோம். கல்லீரலில் சீழ் கட்டி உடைந்திருந்தது. மலத்தை முன்பே பார்க்கவில்லையா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். அந்த வலியிலும் அத்தைதான் பெருமையாகச் சொன்னார்: "பாத்தாச்சு சார். இந்தா நிக்கானே, இவன்தான் பாத்தான்." இரண்டாம் நாள் போய்விட்டார். பார்த்தது எப்படி என்பதை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது மூணாறில் ஒரு லேபில் அதே வேலை. ஆறிப்போனதைக் கொண்டுவந்தால் வாங்குவதில்லை. அரை நாள் கூலியை விட்டு வந்தவர்கள் திட்டிக்கொண்டே திரும்பிப் போகிறார்கள், சிலர் அழுதுகொண்டும். "வேற கொண்டாங்க" என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை.